டிஸ்சார்ஜ் அறிவுரை சொல்லப் போன இடத்தில் நோயாளிக்கு மூச்சு வாங்கினால்? ஒரு மாதிரித் தேர்வுக் கேள்வி பற்றிய சந்தேகம்

இறுதியாண்டு மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். நர்சிங் இறுதியாண்டு படிக்கிறேன். மெட்-சர்ஜ் (மருத்துவ-அறுவை நர்சிங்) மாதிரித் தாளில் வந்த ஒரு கேஸ் மண்டையைக் குடைகிறது. விடை எது என்பதில் சிக்கல் இல்லை. அந்தக் கேள்வி ஏன் 'நோயாளிக்குக் கற்பித்தல்' பகுதியில் வந்தது என்பதுதான் பிடிபடவில்லை.

கேஸ் இதுதான். 64 வயது ஆண், இதயச் செயலிழப்பு, வார்டில் நான்காம் நாள். ஊசியாகப் போய்க்கொண்டிருந்த ஃப்யூரோசெமைடை (உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றும் மருந்து) நேற்று மாத்திரையாக மாற்றியிருக்கிறார்கள். இன்று மதியம் டிஸ்சார்ஜ். காலையில் அறிவுரை சொல்லப் போன நர்ஸிடம் அவர் சொல்கிறார்: "ராத்திரி தூக்கமே இல்ல சிஸ்டர், நாற்காலியிலயே உட்கார்ந்துட்டேன். அசதியா இருக்கு. எல்லாத்தையும் என் வீட்டம்மாகிட்டச் சொல்லிடுங்க." நாடி 104, மூச்சு நிமிடத்துக்கு 24, வெளி ஆக்சிஜன் இல்லாமல் 94 சதவீதம், பி.பி. 128/76, காய்ச்சல் இல்லை. நேற்றைய எடை 71.2 கிலோ, இன்று 72.6.

நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்? மனைவிக்குச் சொல்லிக்கொடுப்பது, அவரை ஓய்வெடுக்க விட்டு அப்புறம் வருவது, தலைப்பக்கத்தை உயர்த்தி நுரையீரலைக் கேட்டுவிட்டு டாக்டருக்குச் சொல்வது, அச்சிட்ட தாளைக் கொடுத்துவிடுவது என்று நான்கு விடைகள். மூன்றாவதுதான் சரி என்று தெரியும், மூச்சு எப்போதும் முதலில். ஆனால் நான் நியூஸ்-2, அதாவது மூச்சு, நாடி போன்ற அளவுகளை வைத்து நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று காட்டும் அட்டவணையில், மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். மூச்சுக்கு 2, ஆக்சிஜனுக்கு 1, நாடிக்கு 1, மொத்தம் 4. ஐந்து வந்தால்தானே அவசரமாக அழைக்க வேண்டும்? நான்கை வைத்துக்கொண்டு டிஸ்சார்ஜை நிறுத்தச் சொன்னால் டாக்டர் என்ன நினைப்பார்?

இரண்டாவது, பொதுவான சந்தேகம். நர்ஸ் எப்படி யோசித்து முடிவெடுக்கிறார் (கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட்) என்பதற்கு டானர் சொன்ன நான்கு படிகளையும் படித்தேன்: கவனிப்பது, பொருள் காண்பது, செயல்படுவது, திரும்பிப் பார்ப்பது. 2023 ஏப்ரலில் மாறிய அமெரிக்க நர்சிங் உரிமத் தேர்வு அதற்கே சொல்லும் ஆறு படிகளையும் படித்தேன். கற்பித்தல் என்றால் தனி அத்தியாயம், தனி சார்ட், தனி மதிப்பெண். ஜட்ஜ்மென்ட், கற்பித்தல் இரண்டும் ஒரே கேஸுக்குள் எப்படி வந்தன? வார்டில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

வார்டு சிஸ்டர்:

வணக்கம்மா. மெடிக்கல் வார்டிலேயே தலை நரைத்தவள் நான். அந்தக் கேள்வியைத் தயாரித்தவர் யாரோ வார்டில் வேலை பார்த்தவர், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். "மனைவிகிட்டச் சொல்லிடுங்க" என்ற ஒரு வரியில் பாதி கேஸ் இருக்கிறது. அதை "கற்றுக்கொள்ள ஆர்வமில்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறவர்கள் உண்டு. பேசவே தெம்பில்லாத ஒருவருக்கு ஆர்வம் எங்கிருந்து வரும்? நேற்று உங்களோடு சிரித்துப் பேசியவர் இன்று வாயைத் திறக்க யோசிக்கிறார் என்றால், அதற்குக் காரணம் தேடுவதுதான் உங்கள் வேலை.

நியூஸ்-2 கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். நான்குதான். ஆனால் அந்த அட்டவணைக்கு எடை தெரியாது. ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது தெரியாது. நேற்றுதான் ஊசி நின்றது என்பதும் தெரியாது. இந்த மூன்றும் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். 1.4 கிலோ ஒரே நாளில் ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. அப்படியானால் சுமார் ஒன்றரை லிட்டர் உடம்பில் தங்கிவிட்டது. கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்று நிம்மதி அடையாதீர்கள். சில கிலோ நீர் சேர்ந்த பிறகுதான் காலில் குழி விழும். படுத்தால் மூச்சு முட்டுவது அதற்கு முன்பே வந்துவிடலாம். நாற்காலித் தூக்கம் அதனால்தான். அவர் வாயால் "மூச்சு முட்டுது" என்று சொல்லவே இல்லை, பார்த்தீர்களா? "தூக்கம் இல்ல" என்றுதான் சொன்னார். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த அட்டவணையிலும் ஒன்று முதல் நான்கு வரை வந்தால் சும்மா இருக்கலாம் என்று எழுதவில்லை. நர்ஸ் போய்ப் பார்த்து, கண்காணிப்பைக் கூட்டுவதா, மேலே சொல்வதா என்று முடிவெடுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஐந்து வந்தால் அழைத்தே ஆக வேண்டும். அதற்காக நான்கில் அழைக்கக் கூடாது என்று ஆகிவிடாது.

ஒரு சின்ன எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். எந்த வார்டு சார்ட்டை எடுத்தாலும் மூச்சு 20, 20, 20 என்று வரிசையாக இருக்கும். யார் எண்ணினார்கள் என்று கேட்டால் எல்லாரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். நிலைமை மோசமாகும்போது பி.பி.க்கு வெகு முன்னால் மாறுவது மூச்சு எண்ணிக்கை. முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள், அவருக்குத் தெரியாமல். நாடி பிடித்தபடியே மார்பைப் பார்த்து எண்ணினால் அவர் மூச்சை மாற்ற மாட்டார்.

டாக்டர் என்ன நினைப்பார் என்று கேட்டீர்கள். அது நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "டாக்டர், பேஷன்ட் கொஞ்சம் அசதியா இருக்கார்" என்றால், "சரி, ரவுண்ட்ஸில் பார்க்கிறேன்" என்பார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"டாக்டர், மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் பேசுறேன். இன்னைக்கு மதியம் டிஸ்சார்ஜ் போட்டிருக்கிற இதயச் செயலிழப்பு பேஷன்ட். நேத்து ஃப்யூரோசெமைடு மாத்திரைக்கு மாத்தினோம். ராத்திரி படுக்க முடியாம உட்கார்ந்தே இருந்திருக்கார். ஒரே நாள்ல 1.4 கிலோ ஏறியிருக்கு. மூச்சு 24, நாடி 104, ஆக்சிஜன் 94. ரெண்டு பக்கமும் அடியில க்ராக்கிள்ஸ் கேட்குது. திரும்ப நீர் கோத்துக்கிட்டு வருதுன்னு நினைக்கிறேன். டிஸ்சார்ஜை நிறுத்தி வெச்சிருக்கேன், நீங்க இப்போ வந்து பார்க்கணும்."

(க்ராக்கிள்ஸ் என்பது நுரையீரலில் நீர் சேர்ந்தால் மூச்சிழுக்கும்போது கேட்கும் ஒலி.) இதைக் கேட்டுவிட்டு எழுந்து வராத டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை. நடந்ததைச் சொல்லி, என்னவென்று நினைக்கிறோம், என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எண்களை ஒப்பிப்பார்கள், கடைசி இரண்டையும் விழுங்கிவிடுவார்கள். "நினைக்கிறேன்" என்று சொல்லப் பயம்.

இப்போது உங்கள் இரண்டாவது சந்தேகம். அவர் இரண்டு நாளில் தேறிவிடுகிறார், மறுபடியும் டிஸ்சார்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன சொல்லிக்கொடுப்பீர்கள்? சார்ட்டில் இதயத்தின் படம், நான்கு அறைகள், ரத்த ஓட்டம் எல்லாம் இருக்கும். அதை மூடி வையுங்கள். அந்தக் காலையில் நீங்கள் எதைப் பார்த்து நிமிர்ந்தீர்கள்? எடை, நாற்காலித் தூக்கம், அசதி. வீட்டில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அதே மூன்றை அவரே பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நோயாளிக்கு உங்கள் பாடத்திட்டம் அவ்வளவுதான். அதனால்தான் அந்தக் கேள்வி அந்தப் பகுதியில் இருக்கிறது. எதைக் கற்பிப்பது என்று தேர்ந்தெடுப்பதே கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட். பக்கத்துப் படுக்கையிலும் இதயச் செயலிழப்புதான் என்றாலும் அவருக்கு வேறு மூன்று இருக்கும்.

எடை பார்ப்பதை வாயால் சொல்லி முடிக்காதீர்கள், தராசைக் கொண்டுபோய் ஏற்றி நிறுத்துங்கள். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன், கிட்டத்தட்ட அதே துணியில், அதே தராசில். குனிந்து எண்ணைப் பார்க்கும்போது மூச்சு வாங்குகிறதா? எண் கண்ணுக்குத் தெரிகிறதா? யார் எழுதி வைக்கப்போகிறார்கள்? வீட்டில் தராசு இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் அரைமணி நேரம் வகுப்பு எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் கூப்பிட வேண்டும் என்பது பலரும் சொல்லும் அளவு. அவருடைய டாக்டர் வேறு எண் கொடுத்திருந்தால் அதைத்தான் சொல்ல வேண்டும். எண்ணோடு அவருடைய டிஸ்சார்ஜ் எடையையும் தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். எதிலிருந்து 2 கிலோ என்று தெரியாவிட்டால் அந்த 2 கிலோவால் பயனில்லை.

முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். உலகத்தில் யாரும் அதற்கு இல்லை என்று சொல்லியதில்லை. "நான் சரியாச் சொன்னேனான்னு எனக்குத் தெரியணும். நாளைக்குக் காலைல எழுந்ததும் என்ன செய்வீங்கன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். பரீட்சை எனக்கு, அவருக்கு அல்ல என்கிற மாதிரி கேட்டால்தான் கூச்சமில்லாமல் சொல்வார்.

நைட் ட்யூட்டி:

சிஸ்டர் சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. டிஸ்சார்ஜ் அன்று இதையெல்லாம் செய்ய நேரம் ஏது? ஒருபக்கம் பில், ஒருபக்கம் மாத்திரை, வாசலில் வண்டி, அந்தப் படுக்கைக்கு அடுத்த ஆள் காத்திருப்பார். அந்த நேரத்தில் நோயாளிக்கு மனசு வீட்டுக்குப் போய்விடும், உடம்பு மட்டும்தான் இங்கே இருக்கும்.

நான் மாத்திரை ரவுண்டிலேயே முடித்துவிடுவேன். முதல் நாள் மாத்திரையைக் கொடுத்து "இது நீர் போறதுக்கு" என்பேன். இரண்டாம் நாள் அதே மாத்திரையைக் காட்டி "இது எதுக்கு?" என்று கேட்பேன். மூன்றாம் நாள் "கால் வீக்கம் இல்லாத அன்னைக்கு இதை விட்டுடலாமா?" என்று வேண்டுமென்றே தப்பாகக் கேட்பேன். "விடலாம்" என்றாரென்றால் எனக்கு வேலை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது.

இன்சுலின் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல வருடமாகப் போடுகிறவர்களிடம் "தெரியுமா?" என்றால் "தெரியும்" என்றுதான் வரும். நான் பேனாவைக் கையில் கொடுத்து "போட்டுக் காட்டுங்க" என்பேன். ஒருவர் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது, டோஸைக் கூட்டிக்கொண்டே போனார்கள். போடச் சொன்னதும் கை நேராகத் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்துக்குப் போனது. தொட்டுப் பார்த்தால் ரப்பர் கட்டி. அந்த இடத்தில் வலிக்காது என்பதால் அங்கேயே போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கட்டியில் போட்டால் மருந்து ஒரு நாள் உறிஞ்சும், ஒரு நாள் உறிஞ்சாது. இங்கேதான் கவனம் வேண்டும்: "இடத்தை மாத்துங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் ஆபத்து. நல்ல தோலில் அதே டோஸ் முழுதாக ஏறி, சர்க்கரை 70க்குக் கீழே விழுந்துவிடும். இடத்தை மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லி டோஸைக் குறைப்பது பற்றிக் கேட்டோம், சோதனையையும் அடிக்கடி ஆக்கினோம். அவர் பீட்டா பிளாக்கரும் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) எடுத்துக்கொண்டிருந்தார். அதனால் "படபடப்பு வந்தா சர்க்கரை குறையுதுன்னு அர்த்தம்" என்கிற வழக்கமான பாடம் அவருக்குச் செல்லாது, அந்த மருந்து படபடப்பை மறைத்துவிடும். வியர்வையை அது மறைக்காது. ஆகவே "காரணமில்லாம வேர்த்தா உடனே சோதிச்சுப் பாருங்க" என்று மாற்றிச் சொன்னேன்.

இதில் எது மதிப்பீடு, எது கற்பித்தல், எது ஜட்ஜ்மென்ட் என்று பிரித்துக் காட்டச் சொன்னால் எனக்கே தெரியாது.

ஒரு நோயாளியின் மகன்:

நான் நர்ஸ் இல்லை. அப்பாவுக்கு இதே நோய் என்பதால் தேடிக்கொண்டு இங்கே வந்தேன். படிக்கிறவர்களுக்குப் பயன்படும் என்று ஒன்றைச் சொல்கிறேன்.

அவரை வீட்டுக்கு அனுப்பும்போது கட்டாக ஒரு தாள் கொடுத்தார்கள், எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். படித்தேன். அதில் எல்லாமே இருந்தது. அதுதான் பிரச்சினை. எது முக்கியம், எது சும்மா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அப்பாவுக்கு மூட்டுவலி வந்தது, வழக்கமாகப் போடும் ஐபுப்ரோஃபென் வாங்கிக் கொடுத்தோம். அந்த வாரமே உடம்பு வீங்கி மறுபடியும் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்த வகை வலிமாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும், நீர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும் என்று இரண்டாவது தடவை ஒரு நர்ஸ் சொன்னார். முதல் தடவை தாளில் இருந்திருக்கலாம், எங்கள் காதில் விழவில்லை.

இரண்டாவது தடவை அந்த நர்ஸ் செய்தது வேறு. "வலின்னா வீட்ல என்ன மாத்திரை போடுவீங்க?" என்று கேட்டார், அவ்வளவுதான். அட்டையை அப்பா பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கினால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்பதை என் போனிலேயே பதிய வைத்துவிட்டுத்தான் போனார்.

இறுதியாண்டு மாணவி:

எல்லாருக்கும் நன்றி. மகன் எழுதியதைப் படித்ததும் எங்கள் டிஸ்சார்ஜ் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். "வீட்டில் தானாக எடுக்கும் மாத்திரைகள்" என்று ஒரு கட்டமே இல்லை.

இன்னும் ஒரு சந்தேகம், அதே தாளில்தான். வயிற்று அறுவைக்குப் பிறகு மார்ஃபின் பி.சி.ஏ. பம்ப்பில் (வலித்தால் நோயாளியே பட்டனை அழுத்தி மருந்து ஏற்றிக்கொள்ளும் கருவி) இருக்கும் அம்மா. வலி என்று முனகுகிறார் என்பதால், அவர் தூங்கும்போது மகள் பட்டனை அழுத்துகிறார். மகளுக்கு விளக்கிச் சொல்வதா, முதலில் நோயாளியைப் பார்ப்பதா? நான் விளக்குவதைத் தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் ஆபத்தே அங்கிருந்துதான் வருகிறது.

வார்டு சிஸ்டர்:

முதலில் அம்மா. ஏற்கெனவே எத்தனை தடவை அழுத்தப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, பேச்சின் நடுவிலேயே தூங்கி விழுகிறாரா என்று பாருங்கள், மூச்சை எண்ணுங்கள், பம்ப்பின் பதிவைப் பாருங்கள். மார்ஃபினில் முதலில் மயக்கம் கூடும், மூச்சு அதற்கப்புறம்தான் குறையும். ஆகவே மூச்சு 12 இருக்கிறதே என்று திருப்திப்பட்டு, எழுப்ப முடியாத ஆளை விட்டுவிட்டு வரக் கூடாது. எழுப்ப முடியவில்லை என்றால் பம்ப்பை நிறுத்திவிட்டு, அவரை விட்டு நகராமல் ஆள் கூப்பிட வேண்டும், மகளிடம் பேசுவது அப்புறம்.

அம்மா நன்றாக இருக்கிறார் என்றால், மகளுக்கு அங்கேயே, அப்போதே. "அழுத்தாதீங்க" என்று அதட்டினால் நீங்கள் திரும்பியதும் அழுத்துவார், அம்மா முனகுவதைப் பார்க்க முடியாமல்தான் செய்கிறார். காரணத்தைச் சொல்லுங்கள்: "மருந்து அதிகமானா அம்மாவுக்குத் தூக்கம் வந்துடும். தூங்கிட்டா அவங்களால அழுத்த முடியாது, மருந்தும் போகாது. இந்த மெஷினோட பாதுகாப்பே அதுதான். நீங்க அழுத்தினா அந்தப் பாதுகாப்பு போயிடும்." அப்புறம் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். "அம்மா முனகினா எழுப்பிப் பாருங்க. எழுந்தா அவங்களையே அழுத்தச் சொல்லுங்க. எழுப்பியும் சரியா முழிக்கலைன்னா உடனே என்னைக் கூப்பிடுங்க." இப்போது அவரும் உங்களோடு சேர்ந்து பார்க்கிற ஆள்.

நைட் ட்யூட்டி தம்பி சொன்ன நேரக் கணக்கு நியாயம்தான். நானும் டிஸ்சார்ஜ் அன்றைக்குத் தராசை மட்டும்தான் வைத்துக்கொள்வேன், மற்றது முன்னாலேயே முடிந்துவிடும்.

இறுதியாண்டு மாணவி:

கடைசியாக ஒன்று, நோட்ஸில் என்ன எழுதுவது? எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது "உணவு, மருந்து, உடற்பயிற்சி பற்றி அறிவுரை கூறப்பட்டது, புரிந்துகொண்டார்" என்ற ஒரே வரி. எல்லா நோயாளிக்கும் அதே வரி.

வார்டு சிஸ்டர்:

அந்த வரியை வைத்துக்கொண்டு அடுத்த ஷிஃப்ட் ஸ்டாஃப் என்ன செய்ய முடியும்? என்ன சொன்னோம் என்பதைவிட அவர் என்ன திரும்பச் சொன்னார், எதைச் செய்து காட்டினார், எது இன்னும் நிற்கவில்லை என்பதை எழுதுங்கள். உங்கள் 64 வயதுக்காரருக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"காலை எடை பார்க்கும் முறை செய்து காட்டப்பட்டது. தானே தராசில் ஏறி, எண்ணைச் சரியாகப் படித்தார், குனிந்தபோது மூச்சு வாங்கவில்லை. மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அழைப்பேன் என்று தானாகச் சொன்னார். வீக்கம் இல்லாத நாளில் நீர் மாத்திரையை விடலாமா என்று கேட்டதற்கு 'விடலாம்' என்றார். விளக்கிய பின் சரியாகச் சொன்னார், மாலையில் மறுபடி கேட்க வேண்டும். வலிக்கு ஐபுப்ரோஃபென் எடுக்கும் வழக்கம் உண்டு, நிறுத்தச் சொல்லி டாக்டருக்கும் தெரிவிக்கப்பட்டது. மனைவி உடனிருந்தார், எடையை எழுதி வைப்பது அவர் பொறுப்பு. வீட்டில் தராசு இல்லை, மகன் இன்று வாங்குவதாகச் சொன்னார்."

ஹேண்ட்ஓவரில் "மாலையில் மறுபடி கேட்க வேண்டும்" என்ற இடத்தை வாயாலும் சொல்லிவிடுங்கள். எழுதியதை எல்லாரும் படிப்பார்கள் என்று நம்பாதீர்கள்.